காதுக்குள் கதவைச் சாத்தியது யார்?

பசி வந்தால் காது அடைக்கும் என்பார்கள். வேண்டாத விருந்தாளி உட்கார்ந்து ஓயாமல் பேசினாலும் அடைக்கும். மாமியார் சொல்வது மருமகளுக்கும் மருமகள் சொல்வது மாமியாருக்கும் விழாமல் போகிற காதடைப்பு ஒன்று உண்டு; அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. அவற்றையெல்லாம் விட்டுவிடுவோம். மருந்து உள்ள காதடைப்பைப் பற்றிப் பேசுவோம்.

காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு காதில் யாரோ பஞ்சைத் திணித்து வைத்தாற்போல் இருக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. ஆனால் உள்ளே 'கும்'மென்று ஓர் அழுத்தம். கொட்டாவி விட்டுப் பார்க்கிறோம். தலையைச் சாய்த்து உள்ளங்கையால் தட்டிப் பார்க்கிறோம். சுண்டுவிரலை விட்டுக் குடைகிறோம். 'பட்'டென்று திறந்துகொண்டால் சரி, அன்றோடு மறந்துவிடுகிறோம். திறக்காமல் நாலு நாள், நாலு வாரம் என்று நீண்டுகொண்டே போனால்?

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் கிளம்புகிறது. பாட்டி நல்லெண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டுக் காய்ச்சுகிறாள். "எல்லாம் ஜலதோஷம், தானே போய்விடும்" என்று வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்கிறார். காலேஜில் படிக்கும் பெண் செல்போனில் தேடிப் பார்த்து, வாயில் நுழையாத வியாதிகளின் பெயர்களைப் படித்து எல்லோரையும் கலங்க அடிக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காதடைப்பு என்பது ஒரு வியாதியின் பெயரல்ல. பல வியாதிகள் வந்து தட்டுகிற ஒரே கதவு அது. தட்டுவது யார் என்று தெரிந்துகொள்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

காதின் அமைப்பை முதலில் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாம் குச்சி விட்டுக் குடைகிற பாதையின் முடிவில் செவிப்பறை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அரை டீஸ்பூன் ஜலம்கூடக் கொள்ளாது, அவ்வளவு சின்னது. நடுச்செவி என்று பெயர். அந்த அறைக்குள் எப்போதும் காற்று இருக்க வேண்டும். அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சரிசமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் செவிப்பறை தளர்வாக அதிரும். சத்தம் ஒழுங்காகக் கேட்கும். இந்த அறைக்குக் காற்று வருவதற்கு இருப்பது ஒரே ஒரு வாசல். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பக்கத்திலிருந்து புறப்பட்டு நடுச்செவிக்குப் போகும் குழாய். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்.

16-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த ஈஸ்டேஷியஸ் என்ற வைத்தியர் இதை விவரமாக எழுதி வைத்தார். அதனால் அவர் பெயரே குழாய்க்கு நிலைத்துவிட்டது: ஈஸ்டேஷியன் குழாய். அவருக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கிரேக்கர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பது பற்றி அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. ஆடுகள் காதால் மூச்சு விடுகின்றன என்று ஒருவர் சொன்னாராம்; அது தப்பு என்று அரிஸ்டாட்டில் மெனக்கெட்டு மறுத்து எழுதியிருக்கிறார்!

இந்தக் குழாய் எப்போதும் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசைகள் இழுக்க, ஒரு கணம் திறந்து மூடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பஸ்ஸில் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஏறும்போது அவ்வளவு தொந்தரவு இல்லை. இறங்கும்போதுதான் காது அடைத்துக்கொள்ளும். ஏன் தெரியுமா? ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாகவே வெளியே கசிந்துவிடுகிறது. இறங்கும்போது வெளி அழுத்தம் கூடுகிறது. குழாயின் மெல்லிய வாய் ஒட்டிக்கொள்கிறது. நாமாக விழுங்கித் திறந்துவிட்டால்தான் காற்று உள்ளே போகும். ஆகாய விமானமும் இதே கதைதான். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பதற்குச் சமானம். ஆகவே விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்; பெரிய குழந்தைக்கு ஒரு மிட்டாய். தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள், தூங்குகிறவர் அடிக்கடி எச்சில் விழுங்குவதில்லை.

ஜலதோஷம் பிடித்தால், அல்லது தூசியும் சாம்பிராணிப் புகையும் ஒத்துக்கொள்ளாமல் மூக்கு அடைத்துக்கொண்டால், இந்தக் குழாயின் உள் சவ்வும் கூடவே வீங்குகிறது. வாசல் திறப்பதில்லை. உள்ளே அடைபட்ட காற்றை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள, செவிப்பறை உள்பக்கமாக இழுபடுகிறது. அந்த இழுப்புத்தான் நமக்கு அழுத்தமாகத் தெரிகிறது. இன்னும் நாளானால் அறைக்குள் நீர் சுரந்து தேங்கும். ஜலதோஷத்தோடு வந்தது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே போய்விடும். வீட்டுக்காரர் சொன்னது இந்த அளவுக்குச் சரி.

போகவில்லையென்றால் மூக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உப்பு ஜலத்தால் மூக்கைக் கழுவுவது, அலர்ஜிக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்று வைத்தியம் உண்டு. ஸ்ப்ரேயை இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப் போடக் கூடாது. பலன் தெரிய வாரக் கணக்கில் ஆகும். மருந்துக் கடையில் வாங்கி 'சர்'ரென்று மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து இருக்கிறதே, அது வேறு ஜாதி. நாலைந்து நாளைக்கு மேல் அதைப் போட்டால், நிறுத்தியதும் மூக்கு முன்னிலும் அதிகமாக அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க மறுபடி அதே சொட்டு! இப்படி வருஷக் கணக்கில் பாட்டிலும் கையுமாக இருப்பவர்கள் உண்டு.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, காதுப் பக்கம் காற்றை ஊதும் யுக்தி எல்லோருக்கும் தெரியும். இதைப் பிரபலப்படுத்தியவர் வால்ஸால்வா என்ற இத்தாலியர். 1704-ல் காதைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதியவர். மெதுவாக ஊத வேண்டும், பலூன் விற்பவரைப் போல் மூச்சைப் பிடித்து அல்ல. ஜலதோஷம் பழுத்து மூக்கில் சளி ஒழுகும்போது ஊதினால் அந்தச் சளி காதுக்குள் போய்ச் சேரும். இதைவிட நல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ஜலம் விழுங்குவது.

குழாயைத் திறக்க மனிதர்கள் பட்ட பாட்டில் ஒரு ரசமான கதை உண்டு. பிரான்ஸில் வெர்ஸேல்ஸ் நகரத்துத் தபால் அதிகாரி ஒருவர். குயோ என்று பெயர். வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. காது மந்தமாகிவிட்டது. டாக்டர்களால் ஒன்றும் ஆகவில்லை. மனிதர் தாமே ஒரு வளைந்த குழாயைச் செய்து, வாய் வழியாக அண்ணத்துக்குப் பின்னால் செலுத்தித் தம் காதைத் தாமே சுத்தம் செய்துகொண்டார்! 1724-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இதைத் தெரிவித்தும் இருக்கிறார். தபால்காரருடைய இந்த யுக்தி டாக்டர்களின் கைக்கு வந்து, ஏறக்குறைய முந்நூறு வருஷங்கள் கழித்து, ஒரு சின்னப் பலூனாக முடிந்திருக்கிறது. மூக்கு வழியாக அதைக் குழாய்க்குள் செலுத்தி, இரண்டு நிமிஷம் ஊத வைத்து, எடுத்துவிடுகிறார்கள். 2016-ல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி கொடுத்தது. மாதக் கணக்கில் குழாய் திறக்காமல், மருந்துக்கும் கேட்காத பெரியவர்களுக்கு மட்டுமே இது. காதடைத்த எல்லோரும் பலூனுக்காகக் கிளம்ப வேண்டியதில்லை.

இனி பாட்டியின் எண்ணெய்க் கரண்டிக்கு வருவோம். அடைப்பு வெளிப்பாதையில் இருக்கலாம்; அதாவது குறும்பி. இது அழுக்கு என்று நினைத்துத்தான் ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு, பஞ்சு சுற்றிய பட்ஸ் என்று வீட்டில் உள்ள சாமான்கள் எல்லாம் காதுக்குள் போய் வருகின்றன. உண்மையில் குறும்பி காதின் காவல்காரன். தூசியைப் பிடித்து, தோலைக் காப்பாற்றி, தாடை அசையும்போதெல்லாம் மெல்ல வெளியே நகர்ந்துவிடும். பட்ஸ் போட்டுக் குடைகிறவர் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறார். அதைப் போல் நாலு மடங்கை உள்ளே தள்ளித் திணித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. தலைக்குக் குளித்ததும் ஜலம் பட்டு அந்தக் கட்டி ஊறி உப்பி, திடீரென்று காது அடைத்துக்கொள்கிறது.

குறும்பிதான் என்று நிச்சயமாகத் தெரிந்து, செவிப்பறையில் ஓட்டையும் இல்லையென்றால், இளஞ்சூடான எண்ணெய் இரண்டு சொட்டு அதை இளக்கும் என்பதை டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பாட்டியால் பார்க்க முடியாது. ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குப் போகும். அது போதாதென்று நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுக்குள் காளான் பிடிப்பது சர்வ சாதாரணம். அடைப்போடு அரிப்பும் சேர்ந்து இருந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். காளானுக்கு எண்ணெய் விடுவது விருந்து வைப்பது மாதிரி. கொதிக்கக் கொதிக்க விட்டுக் காதைப் பொசுக்கிக்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டாக்டரிடம் போனால், இளக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாள் போட்டுக்கொண்டு வரச் சொல்லிப் பீச்சாங்குழலால் கழுவுவார். அல்லது உறிஞ்சி எடுப்பார். கழுவுகிற ஜலம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த ஜலமானால் தலை கிறுகிறுவென்று சுற்றும். வியன்னாவில் பாரானி என்ற டாக்டர், தம்மிடம் காது கழுவிக்கொண்டவர்கள் இப்படிச் சுற்றி விழுவதைக் கவனித்தார். ஜலம் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கமாகத் துடிக்கிறது, சூடாக இருந்தால் மறு பக்கமாகத் துடிக்கிறது என்று கண்டுபிடித்தார். 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசே கிடைத்துவிட்டது!

இதுவரை சொன்னது எல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளக் கூடிய சமாசாரம். இனிச் சொல்லப் போவதைத் தயவு செய்து அடுப்படியில் பாலை வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. குடும்பத்தில் எல்லாப் பொறுப்பும் அவள் தலையில். ஒரு நாள் காலையில் வலது காது அடைத்திருக்கிறது. கொஞ்சம் இரைச்சல். வலி இல்லை. வீட்டில் கல்யாண வேலை. அல்லது குழந்தைக்குப் பரீட்சை. "ஜலதோஷமாக இருக்கும்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். இரண்டு நாள் எண்ணெய். மூன்று நாள் ஆவி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு. மூன்றாவது வாரம், டெலிபோனை வலது காதில் வைத்தால் ஒரு வார்த்தைகூட விழவில்லை என்பது தெரிந்து டாக்டரிடம் ஓடுகிறாள். அவர் காதுக்குள் பார்க்கிறார். பாதை சுத்தமாக இருக்கிறது; செவிப்பறை பளபளவென்று இருக்கிறது. அடைப்பு எங்கேயும் இல்லை. உள்செவியின் கேட்கும் சக்தி போய்விட்டிருக்கிறது! காது டாக்டர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நடந்தது என்ன என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

திடீர்ச் செவிட்டுத்தன்மை என்று இதற்குப் பெயர். மூன்று நாளைக்குள் ஒரு காதின் கேட்கும் திறன் சட்டென்று விழுந்துவிடுகிறது. நரம்பு சம்பந்தப்பட்டது என்றாலும் அனுபவிக்கிறவருக்கு அடைப்பு மாதிரியேதான் தோன்றும். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குத் தானாகவே ஓரளவு திரும்புகிறது. ஆனால் யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையோ, செவிப்பறை வழியாகப் போடும் ஊசியோதான் சிகிச்சை. முதல் சில நாட்களில் ஆரம்பித்தால் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும். பின்னால் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கச் சொல்வார்கள். கேட்கும் நரம்பின் மேல் கட்டி ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

சாதாரண அடைப்பா, நரம்புக் கோளாறா என்று வீட்டிலேயே ஒரு குறிப்புத் தெரிந்துகொள்ளலாம். இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி, 'ம்...' என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்கிறது, இல்லையா? குறும்பியோ, நீரோ, ஜலதோஷமோ அடைத்திருந்தாலும் இப்படித்தான். அடைபட்ட பக்கத்துக்கே 'ம்' போகும். மாறாக, அடைத்தாற்போல் இருக்கும் காதை விட்டுவிட்டு நல்ல காதுப் பக்கம் 'ம்' கேட்டால், அது நரம்பின் குறி. டாக்டர் இதையே இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். 'ம்' எந்தப் பக்கம் போனாலும் சரி, ஒரு காது திடீரென்று மந்தமானால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். நல்ல காதுப் பக்கம் போனால் அன்றைக்கே, கல்யாண வேலையை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு.

பெரியவர்களுக்கு ஒரே காதில் நீர் கோத்துக்கொண்டு மாதக் கணக்கில் வடியாமல் இருப்பதும் அலட்சியம் செய்யக் கூடியதல்ல. மூக்குக்குப் பின்னால், குழாயின் வாசலிலேயே ஏதாவது கட்டி வளர்ந்து அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். அபூர்வந்தான், ஆனாலும் மூக்கு வழியாகச் சின்னக் காமிராவை விட்டுப் பார்த்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ பார்த்தே ஆக வேண்டும்.

அடைப்பு, இரைச்சல், கூடவே அறையே சுழல்கிற மாதிரி மணிக்கணக்கில் தலைசுற்றல் என்று மூன்றும் சேர்ந்து வந்து வந்து போகிறதா? மெனியேர் என்ற பாரிஸ் டாக்டர் 1861-ல் விவரித்த நோயாக இருக்கலாம். மூளையில் ரத்தம் ஏறித்தான் இப்படிச் சுற்றுகிறது என்று அதுவரை நம்பிவந்தார்கள். கோளாறு உள்செவியில் என்று காட்டியவர் அவர். இதற்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் மோர் சாதம் எப்படி இறங்கும் என்று கேட்கலாம். தலை சுற்றி விழுந்தவர்கள் கேட்பதில்லை.

இனி, காதில் ஒரு குற்றமும் இல்லாமலே காது அடைப்பவர்கள். தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. விரலை அங்கே வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தெரியும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், கவலையில் பல்லை இறுக்கிக்கொண்டே பகலெல்லாம் வேலை செய்பவர்களுக்கும் அந்த மூட்டு நொந்துபோய், வலியைக் காதின் கணக்கில் எழுதிவிடுகிறது. இவர்கள் பார்க்க வேண்டியது பல் டாக்டரை. முறுக்கு, சீடையைச் சில வாரம் ஒத்திப் போடவும் வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்குக் கதவு சாத்தவில்லை, திறந்தே கிடக்கிறது! ஈஸ்டேஷியன் குழாய் மூடாமல் போய், தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் காதுக்குள் முழங்கும்; தான் விடுகிற மூச்சு தனக்கே இரையும். குனிந்தாலோ படுத்தாலோ சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும், வேகமாக உடம்பு மெலிந்தவர்களுக்கும் இது வரும். குழாயைச் சுற்றியுள்ள கொழுப்புக் கரைந்துபோவதும் ஒரு காரணம். பசியில் காது அடைக்கும் என்று சொன்னவர்கள் என்னத்தைக் கண்டு சொன்னார்களோ! இவர்கள் மூக்கைப் பிடித்து ஊதுவதும் மூக்கடைப்பு மருந்து போடுவதும் நிலைமையை மோசமாக்கும். நிறைய ஜலம் குடிப்பதும், போன எடை கொஞ்சம் திரும்புவதும்தான் முதல் வைத்தியம்.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத நோயாளிகள். குழந்தைகளுக்கு ஈஸ்டேஷியன் குழாய் கட்டை. படுக்கைவசத்தில் வேறு இருக்கிறது. அடினாய்டு என்ற சதையும் அதன் வாயில் வளர்ந்து நிற்கும். ஆகவே நடுச்செவியில் நீர் தேங்கிப் பசை மாதிரி ஆகிவிடுவது அவர்களுக்கு ரொம்ப சகஜம். குழந்தை "காது அடைக்கிறது" என்று சொல்லாது. டெலிவிஷனை அலற வைக்கும், கூப்பிட்டால் திரும்பாது, வகுப்பில் கடைசி பெஞ்சில் கனவு கண்டுகொண்டிருக்கும். "திமிர்", "கவனம் போதாது" என்று ரிப்போர்ட்டில் எழுதி வரும். அம்மாவும் சேர்ந்து இரண்டு அடி வைப்பாள். அடிப்பதற்கு முன், குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் "ஐஸ்க்ரீம் வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். திமிர் பிடித்த குழந்தை கட்டாயம் திரும்பும்.

மூன்று மாதம் வரை டாக்டர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் நீர் தானே வடிந்துவிடும். அதற்குள் மூக்கால் பலூன் ஊதச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. இதற்கென்றே பலூன் செய்து விற்கிறார்கள். 2015-ல் இங்கிலாந்தில் 320 குழந்தைகளை வைத்துச் சோதித்ததில், பலூன் ஊதியவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு ஒரு மாதத்தில் காது சரியாயிற்று. ஊதாதவர்களில் 36 பேருக்கு. பிரமாதமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது; ஆனால் செலவு குறைவு, குழந்தைக்கும் விளையாட்டு.

மூன்று மாதத்துக்குப் பிறகும் கேட்கவில்லையென்றால், செவிப்பறையில் பொடி எழுத்து அளவுக்கு ஒரு துளை போட்டு, கிரோமெட் என்ற குட்டிக் குழாயைப் பொருத்துகிறார்கள். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். சில நிமிஷ வேலை. 1954-ல் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க டாக்டர் இதைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் அது தானாகவே கழன்று விழுந்துவிடும். துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோ ஹார்ன் அடித்ததும் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினால் பயந்துவிடாதீர்கள். சில நாளைக்குக் குக்கர் விசில்கூட அதற்குப் பெரிய சத்தமாகத்தான் இருக்கும்.